யார் பட்டியில் இட்வாலின் ஆடு?

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் போதகர் மெய்ரியன் வாஹன் அவர்களே! கரெக் லாஸ் மலை விமான நினைவுக் கழகத்தின் தலைவர் லௌரி பெவன் அம்மையார் அவர்களே! தந்தையை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நெரிஸ் அவர்களே! குட்டி போடும் ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு மழையில் நனைந்து வந்திருக்கும் பள்ளத்தாக்குப் பெருமக்களே! இருக்கைகள் காலியாக இருக்கும்போதும் பின்வாசலை ஒட்டியே நின்றுகொண்டிருக்கும் நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். 'டெக்வின் போலீஸ்' என்று முகத்துக்கு நேரே கூப்பிடுவீர்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். சம்பளம் நின்றுவிட்டது, சந்தேகம் நிற்கவில்லை. இன்று காலையிலேயே போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இரங்கல் கூட்டத்துல விசாரணையை ஆரம்பிச்சுடாதீங்க டெக்வின்" என்று கேட்டுக்கொண்டார். நான் வாக்குக் கொடுக்கவில்லை.

இட்வால் மறைந்துவிட்டார்! இட்வால் ப்ரோபர்ட், நாமெல்லாம் 'இட்வால் இறக்கை' என்று கூப்பிட்ட மனிதர், மறைந்துவிட்டார்! இதயம் என்றார் மருத்துவர். இதயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இதயத்தின்மேல் கடைசி ஆறேழு மாதமாகப் பாரத்தை ஏற்றி வைத்தது யார்? அதைக் கேட்காமல் இந்த மேடையிலிருந்து நான் இறங்க முடியுமா?

நம் மலையை நாம் அறிவோம். வானம் தெளிந்திருந்தால் சாதுவாக நிற்கும். மேகம் இறங்கிவிட்டால் அது எங்கே தொடங்குகிறது என்று ஆட்டுக்கே தெரியாது. விமானிக்கு எப்படித் தெரியும்? போர்க்காலத்தில் பயிற்சிக்குப் பறந்த குண்டுவீச்சு விமானம் ஒன்று, போர் முடிந்த சில ஆண்டுகளில் பயணிகளோடு வழி தப்பி வந்த விமானம் ஒன்று, அதற்கும் பிறகு ராணுவத்தின் ஜெட் ஒன்று. மூன்றும் அதே பாறைமுகட்டில்தான் மோதின. மூன்றுக்கும் நம் வீட்டு ஆண்கள் கயிறும் கதவுப் பலகையும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். உயிரோடு இருந்தவர்களை அந்தப் பலகைகளில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். இறந்தவர்களையும் அப்படியே கொண்டுவந்தார்கள். அதற்கு நாம் பெருமைப்படலாம்.

அதன் பிறகு என்ன செய்தோம்? இறக்கைத் தகடு கோழிக்கூட்டுக்குக் கதவானது. பாராசூட் பட்டு மணப்பெண்ணுக்கு உடையானது. சக்கரம் எரு வண்டிக்குப் போனது. கஷ்டகாலம், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் கஷ்டகாலம் முடிந்த பிறகும் அது யாருக்காவது உறுத்தியதா? ஒரே ஒருவருக்கு உறுத்தியது!

நான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த புதிது. அடைமழையில் ஒருவர் பெரிய சாக்கு மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் நடந்தார். சந்தேகம் வருமா, வராதா? வண்டியை நிறுத்தினேன்.

"யோவ், மூட்டையில என்ன?"

"கோழிக்கூட்டுக் கதவு, சார்ஜெண்ட்."

"கோழிக்கூட்டை எங்க கொண்டுபோற?"

"கோழி கீழதான் இருக்கு. கதவை மட்டும் அதோட சொந்த வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

"கிண்டலா?"

"கூட வாங்களேன். ஆனா அந்த பூட்ஸோட ஏறினா உங்களையும் பலகையில வெச்சுத்தான் கொண்டாரணும்."

நான் ஏறினேன். வழுக்கி விழுந்தேன். விழுந்ததை அவர் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவு நல்லவர்! பாறைமுகட்டில் சிதறிக் கிடந்த விமானத்தின் பக்கத்தில் அவர் அந்தத் தகட்டை வைத்து, காற்று தூக்காதபடி கல் ஏற்றினார். எந்த வீட்டில் விமானத் துண்டு இருந்தாலும் கெஞ்சிக் கேட்பார். கொடுத்தால் தன் கையால் மரக்கதவோ தொட்டியோ செய்து மாற்றாகத் தருவார். ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். "செத்தவங்க வீட்டுச் சாமான் சார்ஜெண்ட். இழவுக்குப் போன இடத்துல கையில எடுத்துட்டு வந்துட்டோம். திருப்பி வெக்க வேணாமா?" என்றார்.

கேட்டீர்களா! அதுதான் இட்வால்! அந்த ஒரு சொல்லிலிருந்துதான் நம் கழகமே பிறந்தது. மலையிலிருந்து எதையும் இறக்கக் கூடாது என்ற நம் விதியும் அங்கேதான் பிறந்தது.

போலந்திலிருந்து ஹலினா வந்ததை மறந்துவிட்டீர்களா? பயிற்சி விமானத்தை ஓட்டியவரின் மகள். அப்பாவின் முகம் அந்தப் பெண்ணுக்கு நினைவில்லை. இட்வால் ஒரு கல்லைப் புரட்டி, அடியில் பத்திரப்படுத்தியிருந்த அரைவட்டக் கைப்பிடியை எடுத்துக் கையில் கொடுத்தார். விமானி இரு கையாலும் பிடித்து ஓட்டும் கைப்பிடி. ஹலினா அதே இடத்தில் தன் கைகளை வைத்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இட்வால் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றினார், வெண்ணெய் தடவிய பழரொட்டியை நீட்டினார். "இதை ஊருக்கு எடுத்துட்டுப் போறியாம்மா?" என்றார். "இங்கயே இருக்கட்டும். இருக்கற இடம் தெரிஞ்சா போதும்" என்றார் ஹலினா. வருகிற ஆகஸ்டில் மகனை அழைத்துக்கொண்டு மறுபடியும் வருகிறார். எதற்கு? அந்தக் கைப்பிடியை மகன் கையில் கொடுப்பதற்கு.

அந்தக் கைப்பிடி இன்று மலையில் இல்லை!

போன இலையுதிர் காலத்திலிருந்து துண்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. இவற்றைச் சேகரிப்போர் இருக்கிறார்கள், சந்தை இருக்கிறது. நம் 'கிடா' மதுக்கடையில் பேச்சு எப்படிப் போயிற்று? மூலையில் உட்கார்ந்து கேட்டவன் நான்.

"மலைக்குக் கீழ கடைசி வீடு யாருது?"

"இட்வாலுது."

"ராத்திரியும் பகலும் மூட்டையோட சுத்தறது யாரு?"

"இட்வாலுதான்."

"அப்ப அந்தப் புது டிராக்டர்?"

"அதுக்கும் இறக்கை முளைச்சுப் பறந்து வந்திருக்கும்!"

எல்லோரும் சிரித்தீர்கள். அந்த டிராக்டர் அவர் மைத்துனருடையது, இரவல். விசாரிக்க எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது. உங்களுக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை.

பிறகு நகரத்துக் கண்காட்சியில் நம் மலைத் தகடு ஒன்று விலைக்கு வந்தது. அதன் மூலையில் இட்வாலின் காதுவெட்டு இருந்தது. அவர் பண்ணை ஆடுகளின் காதில் உரிமை அடையாளமாகப் போடும் அதே முக்கோண வெட்டு, அதே சாய்வு. தான் மலைக்குத் திருப்பிய ஒவ்வொரு துண்டிலும் அதை அவர் வெட்டி வைத்திருந்தார். கழகத்தின் செயற்குழு கூடியது. "அவர் அடையாளம்தானே இருக்கு, வேற என்ன சாட்சி வேணும்?" என்று தீர்மானித்தது. மலைப்பாதை வாயிற்கதவின் சாவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டது.

பெருமக்களே! நான் சுரங்கத் தொழிலாளியின் மகன். என்னிடம் ஓர் ஆடுகூட இல்லை. நீங்களோ பரம்பரை பரம்பரையாக ஆடு வளர்ப்பவர்கள். உங்களைக் கேட்கிறேன். உங்கள் காதுவெட்டுள்ள ஆடு என் பட்டியில் நின்றால், திருடன் யார்? நீங்களா? நானா? யாரைப் பிடித்துக் கேட்பீர்கள்? உங்கள் தாத்தா யாரைக் கேட்டிருப்பார்? விற்கப்போகிறவன் முதலில் அடையாளத்தை அழிப்பானா, அடையாளத்தை வெட்டி வைப்பானா? ஆடு என்றால் ஒரு நொடியில் புரிந்திருக்கும். தகடு என்றதும் உங்கள் சொந்தச் சட்டத்தையே மறந்துவிட்டீர்களே!

அப்போது நான் இடுப்பு எலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்திருந்தேன். திரும்பி வந்ததும் நேரே அவர் பண்ணைக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

"ஏன்யா வாயைத் திறக்கல?"

"திறந்தா யாருன்னு சொல்லணும்."

"அப்ப உனக்குத் தெரியும்!"

"மலையில எவன் காலடி எதுன்னு எனக்குத் தெரியாதா, சார்ஜெண்ட்?"

"யாரு? பேரைச் சொல்லு!"

"சொன்னா நீ மறுபடி போலீஸ்காரனாயிடுவே. அவன் புள்ளைங்க இங்கதான் பள்ளிக்கூடம் போகுதுங்க."

"உன்னைத் திருடன்னு சொல்றாங்கய்யா!"

"சொல்றாங்க. வழிதப்பின ஆடு பட்டிக்கு வந்தா போதும். யாரு ஓட்டிட்டு வந்தான்னு கேக்கறது நம்ம வழக்கம் இல்ல."

அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. யார்? கடையில் யார் சில்லறை எண்ணினாலும் அவர் நகத்தில் அலுமினியத் துகள் இருக்கிறதா என்று பார்த்தேன். இட்வாலின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களைப் பார்த்தேன். யார் அதிகமாக அழுதார்கள், யார் அழவே இல்லை என்று பார்த்தேன். இதோ இப்போதும் உங்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தொப்பியையே உற்றுப் பார்க்கிறவரையும் பார்த்தேன். நான் 'கைப்பிடி' என்றதும் மேல்கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டவரையும் பார்த்தேன். ஒருவரா, இருவரா? தெரியவில்லை. எல்லோர்மேலும் சந்தேகம்! என்மேல் மட்டும்தான் இல்லை!

ஆனால் இட்வாலே, நீ ஜெயித்துவிட்டாய்.

லௌரி அம்மையார் அவர்களே, உங்கள் கைப்பையில் மலைக்கதவின் சாவி இருக்கிறது. கூட்டம் தொடங்கியதிலிருந்து அந்தப் பையை நீங்கள் தடவிக்கொண்டே இருக்கிறீர்கள். அதை நெரிஸிடம் கொடுத்துவிடுங்கள். குழுவைக் கூட்ட வேண்டாம், இப்போதே கொடுங்கள்... நன்றி அம்மா. இந்தக் கூட்டத்தில் முதன்முதலாக என் சந்தேகம் ஒன்று தீர்ந்தது.

இந்தத் தேவாலயத்தின் பின்சுவரை ஒட்டி என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வழிதப்பிய ஆடுகளை அடைக்கும் கல் பட்டி. அதன் கதவை இன்று காலை நெரிஸ் திறந்து வைத்துவிட்டார். தரை ஈரமாக இருக்கும் என்று ஒரு கம்பளியும் விரித்திருக்கிறார். யாருடைய மேல்கோட்டுக்குள்ளாவது, வண்டிக்குள்ளாவது மலையின் பொருள் இருந்தால், அதை அங்கே வைத்துவிடலாம். கேள்வி இல்லை.

உறுதி ஒன்று சொல்கிறேன், எல்லோரும் என்னோடு சேர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் ஹலினாவையும் மகனையும் அழைத்துக்கொண்டு நாம் எல்லோரும் மலையேறுவோம். கிடைத்ததை எல்லாம் சுமந்து ஏறுவோம், கல் ஏற்றி வைப்போம். கைப்பிடி கிடைக்காவிட்டால், ஏன் இல்லை என்பதை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நாம் எல்லோரும் சேர்ந்து நின்று சொல்வோம். இட்வால்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க மாட்டோம். இட்வால் இல்லாத மலையில் இட்வாலின் வேலை நிற்காது!

இப்போது பாட்டு. எல்லா அடிகளையும் பாட வேண்டும், ஒன்றையும் விடாமல், மெதுவாக. நீங்கள் எல்லோரும் எழுந்து என்னை நோக்கி நிற்பீர்கள், பின்வாசல் உங்கள் முதுகுப் பக்கம். மேடையில் இருப்பவர்கள் தயவுசெய்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். போதகரே, நீங்களும்தான்.

பின்வாசலைப் பார்த்தபடி நிற்பவன் நான் ஒருவன்தான். யார் வெளியே போனாலும், யார் கை வீசிக்கொண்டு திரும்பி வந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். இத்தனை மாதம் இதற்காகத்தானே காத்திருந்தேன்! ஒரே ஒரு பார்வை போதும்.

என் வேலைக்காலம் முழுவதும் நான் யாருக்கும் முதுகைக் காட்டியதில்லை. இட்வாலே, இது உனக்காக. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறேன்.

பாடுங்கள்.