பூச்சு மருந்தும் மாத்திரையும்

காலை ஆறே முக்காலுக்கு என் மகனுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரியில், இதய ரத்தக்குழாயில் மருந்து பூசிய ஸ்டென்ட் வைக்க அவனை உள்ளே கொண்டுபோனபின், பக்கத்து நாற்காலிகளில் ஒரு வயதான தம்பதி பேசியது காதில் விழுந்தது.

"எனக்கு வெச்ச ஸ்டென்ட்லயே மருந்து பூசியிருக்கே, தனியா மாத்திரை எதுக்குன்னு நிறுத்திட்டேன்" என்றார் பெரியவர்.

"நான் சந்தாபுராவுல மக வீட்டுக்குப் போனதும் நீங்க டாக்டராயிட்டீங்களா?"

"ஸ்டென்ட் வெச்சு பத்து வருஷமா ஒண்ணும் ஆகலையேடி."

"அப்புறம் இன்னிக்கு ஏன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்க?"

"அது நேத்து நீ திரும்பி வந்து வெச்ச சாம்பாரு."

கடைசியில் டாக்டர் வெளியே வந்தார். பெரியவரிடம், "ஸ்டென்ட்ல அடைப்பு இல்ல, அங்கிள். ஆனா அந்தப் பூச்சு, ஸ்டென்ட் வெச்ச சில மாசத்துலயே கரைஞ்சிருக்கும். அப்புறம் காப்பாத்தினது ஆன்ட்டி தினமும் குடுத்த மாத்திரைதான்" என்றார்.

பிறகு என்னிடம் திரும்பினார்.

"உங்க பையனுக்கு நல்லபடியா வெச்சாச்சும்மா. மாத்திரைய மட்டும் நீங்களே கையில குடுங்க."