சத்தம் போடாத மோட்டார்

மச்சான்: தூக்குங்க அத்தான்... முதுகை வளைக்காம. இன்னும் கொஞ்சம்...

தலைவர்: தூக்கிட்டுத்தானே இருக்கேன்!

மச்சான்: படகு மோட்டார் இன்னும் தரையிலதான் இருக்கு.

மனைவி: ஏங்க, மூச்சை விடுங்க. முகமெல்லாம் சிவந்து போச்சு. தம்பி, உன் கடையில இதைவிட லேசா எதுவும் இல்லையாடா?

மச்சான்: அந்தா, டூ-ஸ்ட்ரோக் இருக்கேக்கா.

தலைவர்: வேண்டாம்! தூண்டில் சங்கத் தலைவர் டூ-ஸ்ட்ரோக்ல போறதா? புகை, நாத்தம், பெட்ரோல்ல ஆயில் வேற கலக்கணும்... எனக்கு ஃபோர்-ஸ்ட்ரோக்தான். மோட்டார் ஓடுதா இல்லையான்னு கையை வெச்சுப் பாத்தாத்தான் தெரியணும்.

மச்சான்: கையை வெச்சா சுடும் அத்தான்.

தலைவர்: ஒரு பேச்சுக்குச் சொல்றேன் மச்சான்!

மனைவி: அட... இந்த டூ-ஸ்ட்ரோக்கை நான் ஒத்தைக் கையிலயே தூக்கிட்டேனே!

தலைவர்: நீ எதுக்குத் தூக்கிப் பாக்கறே? ஓட்டப் போறது நானா, நீயா?

மனைவி: கை சும்மா இருக்கேன்னுதான்...

மச்சான்: நியாயமாச் சொல்றேன் அத்தான். ஃபோர்-ஸ்ட்ரோக் நல்ல சரக்கு. பெட்ரோல் கம்மியாக் குடிக்கும். ஆயில் கலக்குற வேலை இல்ல. ஆனா கனம். கழட்டினா இந்தப் பக்கமாத்தான் படுக்க வைக்கணும், மாத்தி வெச்சா ஆயில் கண்ட இடத்துல இறங்கிடும். டூ-ஸ்ட்ரோக்குக்கு அந்தப் பவிசெல்லாம் இல்ல. எப்படிப் போட்டாலும் கெடக்கும்.

மனைவி: வீட்டுல இவரு கெடக்கற மாதிரி.

தலைவர்: சத்தம்! அதைப் பத்திப் பேசுங்க. மீனோட மனசு உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. டபடபன்னு போனா ஒரு மீன் நிக்குமா?

மச்சான்: தூண்டில் போடும்போது மோட்டாரை நிறுத்திடுவீங்களே?

தலைவர்: ...நிறுத்துவேன்.

மச்சான்: அப்புறம் ஏது சத்தம்?

தலைவர்: போகும்போது இருக்கே! நடு ஏரியில நம்ம சங்கத்து ஆளுங்க படகை நிறுத்தி உக்காந்திருப்பாங்க. நான் தாண்டிப் போறப்போ அத்தனை பேரும் திரும்பிப் பாக்கணுமா?

மச்சான்: தாண்டி எங்க போறீங்க?

தலைவர்: அக்கரைக்கு.

மச்சான்: அக்கரையில முழங்கால் தண்ணிதானே? படகுத்துறையும் சந்தையும்தான் இருக்கு.

தலைவர்: அதுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்... ஒரு இடம். அனுபவத்துல கண்டுபிடிச்சது. வெளிய சொல்றதுக்கில்ல.

மனைவி: இத்தனை நாள் துடுப்புப் போட்டுத்தானே போனீங்க?

தலைவர்: நாளைக்கு விஷயமே வேற. சங்கமே நம்ம வீட்டுக்கு மத்தியானம் சாப்பிட வருது. 'தலைவர் கையால பிடிச்ச மீன்'னு அறிவிச்சாச்சு. மீன் இல்லேன்னா தலைவர் பதவியும் இல்ல. துடுப்புப் போட்டு நான் போய்ச் சேர்றதுக்குள்ள நல்ல மீனெல்லாம் போயிருது.

மச்சான்: எங்க போயிருது?

தலைவர்: ஆ... ஆழத்துக்கு! வெயில் ஏறினா ஆழத்துக்குப் போயிரும். இதெல்லாம் ஒரு படிப்பு மச்சான்.

மச்சான்: முழங்கால் தண்ணியில... ஆழத்துக்கு...

மனைவி: விடுடா. பாவம், வேர்த்து ஊத்துது அவருக்கு.

மச்சான்: இல்லக்கா, ஒரு ஆச்சரியம். போன வாரம் இவங்க சங்கச் செயலாளர் வந்தாரு. அவரும் சத்தமே வரக்கூடாதுன்னு ஃபோர்-ஸ்ட்ரோக்தான் வாங்கிட்டுப் போனாரு. அவரும் அக்கரைக்குத்தானாம்.

தலைவர்: அவனுமா!

மச்சான்: என்ன 'அவனுமா'?

தலைவர்: ஒண்ணுமில்ல... அங்க எந்தப் பக்கம்னு சொன்னானா?

மச்சான்: வெளிய சொல்றதுக்கில்லைன்னாரு.

தலைவர்: திருட்டுப் பய! போட்டியில அவன் கோப்பை வாங்கினப்பவே நினைச்சேன். அத்தனை மீனும் ஒரே அளவு. தராசுல பாத்துப் பாத்துப் பொறுக்கி எடுத்த மாதிரி!

மனைவி: தராசுல பொறுக்கினா எப்படி இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

தலைவர்: ...பொது அறிவு. மச்சான், பேசினது போதும். ஃபோர்-ஸ்ட்ரோக்கையே கொடு.

மச்சான்: நாளைக்குப் படகுல மாட்டப் போறது நீங்கதானே? எங்க, இன்னொரு தடவை தூக்குங்க பாப்போம்.

தலைவர்: இதென்ன பிரமாதம்... ம்ம்... ம்ம்ம்... ஐயோ! இடுப்பு! இடுப்பு!

மச்சான்: பிடிச்சுக்கக்கா, சாயறாரு!

மனைவி: உக்காருங்க இப்படி. தம்பி, டூ-ஸ்ட்ரோக்கையே கொடுத்துடு. ஆயிலை எவ்வளவு கலக்கணும்னு எங்கிட்டச் சொல்லு. ஸ்டார்ட் பண்ணக் கயித்தை எப்படி இழுக்கறதுன்னும் காட்டு.

தலைவர்: உனக்கு எதுக்கு அதெல்லாம்? அந்தச் சத்தத்துக்கு நாளைக்கு ஏரியே திரும்பிப் பாக்குமே... எங்க போறோம்னு தெரிஞ்சு போகுமே!

மனைவி: பாக்கட்டும். நான் சந்தைக்குப் போறதைப் பாத்து யாரு என்ன சொல்லப் போறா? நீங்க தூண்டிலும் கையுமா வாசல்ல நின்னு எல்லாரையும் வரவேற்கிற வேலையை மட்டும் பாருங்க. பிடிச்சது நீங்கதான்னு நானே சொல்றேன். ஆனா வாங்கறது இனிமே நான்தான்... செவுளைத் தூக்கிப் பாத்து வாங்கத் தெரியல உங்களுக்கு. நீங்க பிடிக்கிற மீனெல்லாம் ரெண்டு நாள் பழசாவே இருக்கு!