பனி ஊரில் ஒரு பம்புசெட்டு

நிலா: தஞ்சாவூர்ல ரயிலேறி பாபநாசமும் தாண்டியாச்சு. நீ இன்னும் அந்த இங்கிலீஷ் கதைப் புக்கையே வெளியில எடுக்கல.

அனிட்டா: எடுக்கலாம்டி, என்ன அவசரம்? முதல்ல ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க, அதைச் சொல்லு.

நிலா: என்ன சொல்லுவாங்க? கேக் வெட்டுனாங்க. மேட்ரன் அழுதாங்க. சிங்கப்பூர் நர்ஸம்மா எங்களை மறந்துடாதீங்கன்னு ஒரே கிண்டல். நீ கதையைச் சொல்லு.

அனிட்டா: பிளேன் டிக்கெட் வந்துருச்சா?

நிலா: வந்துருச்சு. நாளன்னைக்கு திருச்சியிலேருந்து. பேச்சை மாத்தாத அனிட்டா. நாம குத்தாலத்துல இறங்குறதுக்குள்ள கதை முடிஞ்சாகணும். நாளையிலேருந்து நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்?

அனிட்டா: அங்க ரயிலெல்லாம் ஏசியாம். உக்கார இடம் கிடைக்குமாம்...

நிலா: கதை.

அனிட்டா: சரி... எங்க விட்டேன்?

நிலா: பெக்கிக்கு வேலை கிடைச்சிருச்சு, எங்கேயோ தூர ஊர்ல. நோராகிட்ட வந்து சொல்றா. நோரா "சந்தோஷம்"னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறா. அங்க கொண்டுபோய் நிறுத்துன. எனக்கு நேத்து சோறே இறங்கல.

அனிட்டா: ம்... அப்புறம் ரெண்டு பேரும் நடந்து போறாங்க. ஒரே பனி. கால் வெச்சா முழங்கால் வரைக்கும் போகுது. போய் அந்த பம்புசெட்டு தொட்டி மேல உக்காந்துக்கிறாங்க.

நிலா: அமெரிக்காவுல ஏதுடி நம்ம ஊரு பம்புசெட்டு?

அனிட்டா: ஏன், அங்க வயல் இல்லியா?

நிலா: பனியிலயா?

அனிட்டா: மோட்டாரை நிறுத்தி வெச்சிருக்காங்க. ஆத்துலதான் தண்ணி தொறந்தாச்சே. இப்படி குறுக்க குறுக்கப் பேசுனா நான் சொல்ல மாட்டேன்.

நிலா: சரி, சரி. பேசல. தொட்டி மேல உக்காந்தாங்க.

அனிட்டா: பெக்கி தலையை அவுத்து விட்டிருக்கா. நோரா பின்னி விடுறா. தேங்காண்ணெய் வாசம்...

நிலா: தேங்காண்ணெயுமா?

அனிட்டா: இப்பல்லாம் எங்கதான் கிடைக்கல? கேளு. பின்னி முடிச்சாச்சு. ஆனா நோரா மறுபடியும் அவுத்துட்டு முதல்லேருந்து பின்றா. முடிஞ்சா எந்திரிக்கணுமே.

நிலா: மெதுவாப் பேசு. எதிர் சீட்டு அத்தை காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு.

அனிட்டா: கேக்கட்டும். ரெண்டு சிநேகிதிங்க கதைன்னு நெனச்சுக்கும். எங்க அம்மா இதை ஜெபப் புத்தகம்னே நெனச்சிருக்கு. மாதா காலண்டர்லதானே அட்டை போட்டிருக்கேன்.

நிலா: நீ முதநாள் சொன்னப்ப எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா? ரெண்டு பொண்ணுங்கன்னதும், சரி, ஒருத்தி கிணத்துல விழப்போறா, இன்னொருத்தியைக் கட்டிக்கொடுத்துடப் போறாங்கன்னு நெனச்சேன்.

அனிட்டா: அதுக்குத்தானே இந்த மாதிரி புக்காத் தேடித் தேடிப் படிக்கிறது. யாரும் சாகுறதில்ல. கையைப் புடிக்கவே பாதி புக்கு போயிடும். அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிப்பேன்.

நிலா: சொல்லும்போதும் அந்த எடத்தைத்தான் இழு இழுன்னு இழுத்த. கும்பகோணம் வந்ததுகூட எனக்குத் தெரியல அன்னைக்கு.

சமோசாக்காரர்: சமோசா, சமோசா... சூடா இருக்கு பாப்பா.

நிலா: ரெண்டு கொடுங்கண்ணே... இந்தா, தின்னுக்கிட்டே சொல்லு. பெக்கி போறாளா, இல்லியா?

அனிட்டா: போகாம? அவ அப்பா காலம்பூரா அடுத்தவங்க வயல்ல குனிஞ்சு நிமுந்தவரு. இவ சம்பளத்துலதான் கான்கிரீட் வீடு கட்டணும். தம்பி படிக்கணும்.

நிலா: பெக்கி அப்பா டாக்டருன்னு சொன்ன.

அனிட்டா: ...டாக்டருதான். நொடிச்சுப் போயிட்டாரு.

நிலா: அடப் பாவமே. நோரா என்ன சொன்னா?

அனிட்டா: நல்லபடியா போயிட்டு வான்னா.

நிலா: அவ்வளவுதானா?

அனிட்டா: வேற என்ன சொல்லணும்? போகாதன்னா? வீட்டு நிலைமை தெரிஞ்சவ எப்படிடி சொல்லுவா?

நிலா: போகாதன்னு யாரு சொல்லச் சொன்னா? மனசுல இருக்குறதைச் சொல்லி அனுப்பலாம்ல. அந்தப் பொண்ணு அங்க தனியாக் கிடந்து எதை நெனச்சுக்கிட்டுத் தூங்கும்?

அனிட்டா: சொல்லி... பெக்கிக்கு அப்படி ஒண்ணும் இல்லன்னா? இருக்குற சிநேகமும் போயிடும்ல. அந்தப் பயம் உனக்குத் தெரியாது.

நிலா: கையைப் புடிச்சப்ப உதறிட்டாளா பெக்கி?

அனிட்டா: கூட்டத்துல விழுந்துடக் கூடாதுன்னு புடிச்சதா நெனச்சிருப்பா.

நிலா: ஆமா. பெக்கி பச்சப்புள்ள பாரு... ஆடுதுறை வந்துருச்சு. சீக்கிரம் முடி.

அனிட்டா: முடிஞ்சுது. பெக்கி போயிட்டா. நோரா பிளாட்பாரத்துல நிக்கிறா. அவ்வளவுதான்.

நிலா: புக்குல அப்படியா இருக்கு?

அனிட்டா: ஆமா.

நிலா: மாதா மேல சத்தியமா?

அனிட்டா: ...கதைக்கெல்லாம் எதுக்குடி சத்தியம்?

நிலா: பொங்கலுக்கு முந்தி ஜுரம்னு ஒரு வாரம் நீ வரல. புக்கு என் பையிலயே தங்கிருச்சு.

அனிட்டா: அதனால என்ன? உனக்குத்தான் இங்கிலீஷ் கதை படிக்க வராதே.

நிலா: சிங்கப்பூருக்கு நான் எந்த பாஷையில பரீட்சை எழுதினேன்னு நெனச்ச?

அனிட்டா: அப்ப... புக்கைப் படிச்சிட்டியா?

நிலா: பெக்கிக்கு வேலையும் கிடைக்கல, அவ எங்கேயும் போகல. கடைசிப் பக்கத்துல நோரா சொல்லிடுறா. பஸ்ஸுல, அத்தனை பேரு முன்னாடி. பெக்கி சிரிக்கிறா. அதோட சரி. பம்புசெட்டு இல்ல, தேங்காண்ணெய் இல்ல. யாரும் யாருக்கும் தலை பின்னி விடல.

அனிட்டா: அப்பவே தெரியுமா உனக்கு?

நிலா: தெரியும்.

அனிட்டா: தெரிஞ்சுக்கிட்டேவா தினம் அப்புறம், அப்புறம்னு உசிரை எடுத்த? ஏண்டி?

நிலா: புக்குல உள்ள நோரா சொல்லிட்டா. இந்த நோரா எப்ப வாயைத் தொறப்பான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

அனிட்டா: நிலா... எந்திரி. குத்தாலம் வந்துருச்சு. நம்ம சீசன் டிக்கெட்டு இதோட சரி.

நிலா: தெரியும். அதான் தஞ்சாவூர்லயே, குத்தாலத்தையும் தாண்டி மாயவரத்துக்கு டிக்கெட் எடுத்துட்டேன், ரெண்டு பேருக்கும். உக்காரு.