முப்பத்தி நாலு நிமிஷம்

மேடையில ஸ்கூல் போர்டு மெம்பருங்க ஏழு பேரு. பக்கத்துல பள்ளி அதிகாரி ஒருத்தர், குறிப்பெழுதுற பொண்ணு ஒண்ணு, பேசுற நேரம் முடிஞ்சா மணியடிக்கிற மனுசன் ஒருத்தர், ஆக பத்து. வாசல்ல போலீஸ்காரர் ஒருத்தர். நாற்காலி பன்னெண்டு வரிசை, வரிசைக்குப் பதினாறு, அதுல காலி பதினொண்ணு. சுவரோரம் நிக்கிறவங்க பதினாலு. நம்ம ரெண்டு பேரையும் சேத்து எரநூத்தி ஆறு. உங்க மடியில தூங்குற பாப்பாவைச் சேத்தா எரநூத்தி ஏழு. நான் ஓட்டுற ஸ்கூல் பஸ்ஸுன்னா சேத்துடுவேன். தூங்குற தலையத்தான் முதல்ல எண்ணணும், அதுதான் விட்டுப்போகும்.

சிரிங்க, பரவால்ல. சர்ச்சுக்குப் போனாலும் இதே வேலைதான். நீ சாமி கும்பிட வர்றியா தலை எண்ண வர்றியான்னு எங்க வீட்டுக்காரர் டுவேன் கேப்பார். ரெண்டும்தான், என்ன, எண்ணிக்கை மட்டும் சரியா வரும்.

அது ஏன் நாற்காலி காலியா இருக்க ஆளு நிக்கிறாங்கன்னா, நடுவுல போகணும்னா நாலு பேரை எந்திரிக்கச் சொல்லணுமில்ல? அதுக்கு வெக்கம். எங்க ஆளுங்க கால் ஒடிஞ்சாலும் நிப்பாங்களே தவிர, கொஞ்சம் நகருங்கன்னு கேக்க மாட்டாங்க. நானும் அந்த ரகம்தான். நாப்பது நிமிஷம் முன்னாடியே வந்து ஓரத்துச் சீட்டைப் பிடிச்சது அதுக்குத்தான்.

மைக்ல பேச எனக்கு நம்பர் இருபத்தி மூணு. உங்களுக்கு? இருபத்தி நாலா. அப்போ எனக்கு அடுத்து நீங்க. இஃப்ரா... பேரைச் சரியாச் சொல்றேனா? முப்பத்தொரு வருஷமா பிள்ளைங்க பேரைத் தப்பாக் கூப்பிட்டுட்டு, வீட்டுக்குப் போய் ஒத்திகை பாக்கிற ஆளு நான். உங்க பெரிய பொண்ணு ஹோதன் என் பஸ்லதான் வருது. மூணாவது சீட்டு, ஜன்னலோரம். ஒரு கைக்கு நீலக் கையுறை, ஒரு கைக்குச் சிவப்பு. வேணும்னுதான் போடுதா? நான் தொலைச்சுடுச்சுன்னு நெனச்சு ஒரு மாசமா நீலத்தைத் தேடிட்டிருந்தேன். பாத்தீங்களா என் லட்சணத்தை.

ஹோதனுக்கு இந்த வருஷம் மூணு டீச்சர் மாறிட்டாங்களாமே. அதான் நீங்க பேச வந்திருக்கீங்க. தெரியும்.

பதினெட்டாவது ஆளு இறங்கிட்டார். அவர் பேசினதைக் கவனிச்சீங்களா? எங்களுக்கு அந்தப் பிள்ளைங்க மேல ஒண்ணும் இல்லன்னு ஆரம்பிச்சார். பதினெட்டு பேர்ல பதினொரு பேரு அப்படித்தான் ஆரம்பிச்சிருக்காங்க. ஒண்ணும் இல்லாததை எதுக்குப் பதினொரு தடவை சொல்லணும்?

அந்தப் பச்சைச் சட்டைக்காரங்க அறுவத்தி மூணு பேரு. எல்லாம் ஏரிக்கரைப் பக்கம், திட்டம் வேண்டாம்ங்கிறவங்க. எங்க தெருவும் அங்கதான். மூணாவது வரிசையில கையாட்டினாங்களே, அந்தம்மா எங்க எதிர்வீடு. எனக்கும் ஒரு சட்டை வாசப்படியில வெச்சுட்டுப் போயிருந்தாங்க. லார்ஜ். மரியாதைக்கு அந்த அளவு வெச்சிருக்காங்க. எனக்கு அது ஒரு தோளுக்குக்கூடப் பத்தாது. அளவு சரியா இருந்திருந்தா போட்டிருப்பேனான்னு கேக்காதீங்க.

திட்டம் என்னமோ சின்னதுதான்மா. உங்க பைன் கோர்ட் அப்பார்ட்மெண்ட்லேர்ந்து எழுவத்தி நாலு பிள்ளைங்க தண்டவாளம் தாண்டி ஏரிக்கரை ஸ்கூலுக்கு. ஏரிக்கரைத் தெருக்கள்லேர்ந்து எழுவது பிள்ளைங்க இந்தப் பக்க ஸ்கூலுக்கு. எல்லைக்கோட்டைக் கொஞ்சம் நகத்துறாங்க, அவ்வளவுதான். இந்தப் பக்கம் நூத்துக்கு அறுவத்தெட்டு பேரு வசதியில்லாம ஸ்கூல்ல இலவசச் சாப்பாடு. அந்தப் பக்கம் ஏழு. கோடு நகந்தா அறுவத்தெட்டு அம்பத்தொண்ணாகும், ஏழு இருபத்தி நாலாகும். ரெண்டு பக்கமும் டீச்சருங்க தங்குவாங்கன்னு பள்ளி அதிகாரி சொல்றார். எனக்கு அவ்வளவு படிப்பு இல்ல. கணக்கு மட்டும் சரியா இருக்கு.

இதோ பத்தொம்பது. கேளுங்க, இவரும் அதைத்தான் சொல்லப் போறார். சொல்லிட்டார். முப்பத்தி நாலு நிமிஷம். சின்னப் பிள்ளைங்க முப்பது நிமிஷத்துக்கு மேல பஸ்ல இருக்கக் கூடாதுன்னு நம்ம போர்டே வெச்ச விதி. கம்ப்யூட்டர் பத்தொம்பதுங்குது, ஆனா அன்னிக்கு அந்த வழியில பஸ் ஓட்டின டிரைவரே அளந்து எழுதிக் கொடுத்தது முப்பத்தி நாலு. ஜெராக்ஸ் வெச்சிருக்காங்க. கையெழுத்து கொஞ்சம் கோணலா இருக்கும்.

போர்டுல மூணு பேரு வேணும்ங்கிறாங்க, மூணு பேரு வேண்டாம்ங்கிறாங்க. ஏழாவது ஆளு அதோ, வார் வெச்ச கால்சட்டை போட்டிருக்கார் பாருங்க, வெண்டல். போன வாரம் பேப்பர்ல என்ன சொல்லியிருக்கார்? கம்ப்யூட்டர் ஒரு நாளும் பஸ் ஓட்டினதில்ல, ஓட்டினவங்க சொன்னதைத்தான் நான் நம்புவேன்னு. நல்ல மனுசன். அவர் அப்படிச் சொன்னதைப் படிச்சுட்டுத்தான் நான் பேசப் பேரு கொடுத்தேன்.

அந்த மேஜையில எலுமிச்சை கேக் பாத்தீங்களா? நான்தான் கொண்டு வந்தேன். இந்த மாதிரிக் கூட்டத்துக்கு யாரும் ஒண்ணும் கொண்டு வர மாட்டாங்க, தெரியும். வெறுங்கையோட வர மனசு வரல. இருபத்தி நாலு துண்டு போட்டேன். இப்போ கடைசித் துண்டுல பாதியோட பாதி கிடக்கு. எங்க ஊர்ல கடைசித் துண்டை எவனும் எடுக்க மாட்டான். பாதி வெட்டுவான், அதுல பாதி வெட்டுவான். கண்ணுக்குத் தெரியாமப் போற வரைக்கும் மரியாதை. பாப்பா முழிச்சா எடுத்துக் கொடுங்க, பாப்பாவை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

இருபதாவது ஆளு வரலையாம். இருபத்தொண்ணு போறார். இன்னும் ஒருத்தர் தாண்டினா நான். முப்பத்தொரு வருஷத்துல பஸ் மைக்ல நான் பேசினது ஒரே வார்த்தை, உக்காருங்க. அதையும் எவனும் கேட்டதில்ல.

அந்த அளவு எடுத்தது எப்பவா? இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. இதே ஹால், இதே திட்டம். அந்த முப்பத்தி நாலாலதான் அன்னிக்குக் கைவிட்டாங்க.

யாரு அளந்ததுன்னா கேட்டீங்க? நான்தான்மா.

அஞ்சு நாள் ஓட்டிப் பாத்து எழுதச் சொன்னாங்க. திங்கள் பத்தொம்பது. புதன் பத்தொம்பது, வியாழன் பதினெட்டு, வெள்ளி பத்தொம்பது. தண்டவாளத்துல ரயில் வந்தாலும் வராட்டியும் பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து, ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் போகணும், அது உங்களுக்கே தெரியும். அந்த நேரமும் சேத்துத்தான் பத்தொம்பது. செவ்வாய்க்கிழமை மட்டும் தானிய ரயில் வரும். நூத்திப் பன்னெண்டு பெட்டி. ஒவ்வொண்ணா எண்ணிட்டிருந்தேன். ஃபாரத்துல ஒரே ஒரு கட்டம்தான் இருந்துச்சு, அஞ்சு நம்பருக்கு எடமில்ல. நான் செவ்வாய்க்கிழமையை எழுதினேன்.

பொய்யின்னு சொல்ல முடியாது. முப்பத்தி நாலுல ஒவ்வொரு நிமிஷமும் நிஜம். அதான் என் கெட்டிக்காரத்தனம்.

ஏன்னா... இந்தப் பக்கம் மாத்துற தெருக்கள் பட்டியல்ல நாலாவது எங்க தெரு. என் பொண்ணு கிரிஸ்டா மூணாவது படிச்சிட்டிருந்தா. அந்த ஸ்கூலுக்காகவே ஏரிக்கரையில இருக்கிறதுலயே சின்ன வீட்டை வாங்கினோம். இன்னிக்கும் தபால்காரர் அதை எதிர்வீட்டு கார் ஷெட்டுன்னு நெனச்சு தாண்டிப் போயிடுவார். இத்தனைக்கும் நான் வளந்தது உங்க பைன் கோர்ட்லதான்மா. பி பிளாக். என் காலத்துல இலவசச் சாப்பாட்டு டிக்கெட் மஞ்சள் நிறம். காசு கொடுக்கிற பிள்ளைங்களுக்கு வெள்ளை. கையை மூடியே வெச்சிருப்பேன்.

கிரிஸ்டா நல்லாத்தான் இருக்கா. அந்த ஸ்கூல்ல படிச்சதாலயா, இல்ல எப்படியும் நல்லா இருந்திருப்பாளா, அதை எப்படி அளக்கிறதுன்னு எனக்குத் தெரியல.

நீங்களும் இங்கதான் வளந்தீங்களா? பைன் கோர்ட்லயேவா? எந்த வருஷம் ஸ்கூல்ல சேந்தீங்க? வேண்டாம், சொல்லாதீங்க. சொன்னா அந்த இருபத்தஞ்சு வருஷத்தோட நான் கழிச்சுப் பாத்துடுவேன்.

நகந்து உக்காரணும்னா உக்காருங்க. வரிசையில காலி இருக்கு.

இருபத்தி ரெண்டு பேசிட்டிருக்காங்க. நேரம் காட்டுற பச்சை விளக்கு மஞ்சளாயிடுச்சு. நான் எழுதி வெச்சிருக்கிறது இவ்வளவுதான். என் பேரு ஆர்லிஸ், அந்த முப்பத்தி நாலை எழுதினது நான், அது ரயில் வந்த நாள், மத்த நாலு நாளும் பத்தொம்பதுக்கு மேல போகல, தெரிஞ்சேதான் எழுதினேன். நேத்து அடுப்பங்கரையில டுவேன் வாட்ச்சைப் பிடிச்சார், நான் படிச்சேன். அவருக்கும் இது நேத்துதான் தெரியும். இன்னொரு தடவை படி, வாட்ச்சைச் சரியாப் பாக்கலன்னார். ரெண்டாவது தடவையும் இருபத்தாறு செகண்டுதான்.

ஆளுக்கு மூணு நிமிஷம் கொடுக்கிறாங்களே, மிச்சத்தை இருபத்தி நாலாம் நம்பருக்குக் கொடுத்துடலாமான்னு மணியடிக்கிறவர்கிட்ட முன்னாடியே கேட்டேன். கூடாதாம். நாம முடிச்சுட்டாலும் மூணு நிமிஷம் தீர்ற வரைக்கும் மைக்ல நிக்கணுமாம், அந்த நேரம் போர்டு கேள்வி கேக்குமாம். வெண்டல் கேக்காம விட மாட்டார். ஏம்மா அப்படி எழுதினீங்கன்னு அவர் கேக்க, எரநூத்தி ஆறு பேரும் என்னையே பாக்க, மிச்சம் நூத்தி அம்பத்தி நாலு செகண்டு இருக்கு.