எப்ப வர்றீங்க, டீச்சர்?

உச்சி வேளை. மலாக்காவின் காஜா பேராங் சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. வெயிலில் தார் இளகி நாறியது...

பேய் என்றால் ராத்திரி என்று யார் சொன்னது? இது நல்ல வெயிலில் நடந்தது. நம் ஜெயபாலனின் சின்னம்மா விஜயாவுக்கு. கிட்டே வந்து உட்காருங்கள். மழையில் கேட்காது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம். விஜயா ஒரு பயிற்சிக் கல்லூரியின் மனையியல் பிரிவில் உதவியாளர். அந்தக் கல்லூரி இப்போது இல்லை. பிரிவு ஒரு பழைய பங்களாவில் இருந்தது. சமைப்பது, துவைப்பது, விருந்தாளியை உட்கார வைத்துத் தேநீர் கொடுப்பது... எல்லாமே அங்கே பாடம்.

பிரிவை நடத்தியவர் சந்திரமதி டீச்சர். மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன் அங்கே குடியேறிய தமிழர் வம்சம். வீட்டில் மலாய்தான் பேச்சு. தமிழ் கொஞ்சம்தான் வரும். அந்தக் கொஞ்சமும் சமையற்கூடத்தில் வேலை செய்த பூங்காவனம் கொடுத்தது.

பூங்காவனம் சாயங்காலம் கிளம்பும்போது "வரேன், டீச்சர்" என்பாள்.

"போறது வீட்டுக்கு. வரேன்னு சொல்ற?"

"போறேன்னா நல்லாருக்காது, டீச்சர். திரும்பி வருவோம்ல, அதான்."

டீச்சருக்கு அது பிடித்துப்போயிற்று. பிறகு எங்கிருந்து கிளம்பினாலும் 'வரேன்'தான்.

கல்லூரியின் வெள்ளைக்கார முதல்வர் ஊர் திரும்ப இருந்தார். அந்த நாற்காலி டீச்சருக்கு என்று பேச்சு.

அந்த நேரத்தில் பம்ப் ஸ்டவ் வெடித்தது. சமையலறையில் பூங்காவனம் மட்டும். விஜயா அன்று விடுப்பு.

ஆஸ்பத்திரியில் பூங்காவனம் தன் தாய் பொன்னம்மாவிடம் சொன்னாள். "ஸ்டவ் ஒழுகுதுன்னு சொன்னேம்மா. டீச்சர்தான் மலாய்ல 'தாக் அப்பா', பரவால்ல, பத்த வைன்னாங்க." விடிவதற்குள் போய்விட்டாள்.

டீச்சர் போலீசிடம் வேறு சொல்லியிருந்தார். ஸ்டவ் நன்றாக இருந்ததாம். அவளுக்கு வீட்டில் பிரச்சினையாம். அவளே மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டாளாம்.

ஊர் டீச்சரை நம்பியது. பூங்காவனத்தின் மகளைப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். தானே கொளுத்திக்கொண்டவள் பெண் வேண்டாம் என்றார்கள்.

சாவு வீட்டுக்கு டீச்சர் மலர்வளையத்தோடு வந்தார். முறையாக நின்றார். கிளம்பும்போது, உடம்பைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி, மெதுவாகச் சொன்னார்.

"வரேன், பூங்கா."

அழுகை நின்றது. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அதைப் பூங்காவனம் அவருக்குச் சொல்லித்தரவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை.

பொன்னம்மா தலையைத் தூக்கினாள்.

"யாருகிட்ட சொன்னீங்க, டீச்சரம்மா? அவகிட்டயா? ... சரி. அவ நம்புவா. காத்துக்கிட்டிருப்பா."

ஒரு வாரம் போனது. உச்சி வேளை. மாணவிகள் சாப்பிடப் போயிருந்தார்கள். விஜயாவும் டீச்சரும் தையல் அறையில். சமையலறையில் சத்தம்.

சக்... சக்... சக்...

ஸ்டவ்வுக்கு யாரோ காற்று அடிக்கிறார்கள். அந்த ஸ்டவ்வைப் போலீஸ் எடுத்துப்போயிருந்தது.

மண்ணெண்ணெய் நாற்றம். பருத்தித் துணி கருகும் நாற்றம். பிறகு குரல். மரியாதையான குரல்.

"எப்ப வர்றீங்க, டீச்சர்?"

டீச்சர் சமையலறையைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டார். மறுநாள் பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. அதற்கு மறுநாளும். கோபமே இல்லை அந்தக் குரலில். விஜயாவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

டீச்சர் இளைத்தார். கடைசியில் விஜயாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பொன்னம்மாவிடம் போனார்.

"சொன்ன வார்த்தைய திரும்ப எடுக்க முடியுமா?"

"எம் மக மேல போட்டீங்களே, அத மொதல்ல எடுங்க."

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "பதவி வரட்டும். அப்புறம் சொல்றேன்."

"அப்ப அவகிட்டயே பேசிக்குங்க," என்று பொன்னம்மா கதவைச் சாத்தினாள்.

பதவி வந்தது. பங்களாவின் கூடத்தில் விருந்து. விருந்தினரில் பாதிப் பேர் தமிழர். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது டீச்சர் எழுந்தார். யாரோ கூப்பிட்டதுபோல உள்ளே நடந்தார். விஜயா பின்னால் ஓடுவதற்குள், பூட்டியிருந்த சமையலறைக் கதவு திறந்து அவரை உள்ளே விட்டுச் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"வாங்க, டீச்சர். உக்காருங்க."

நாற்காலி இழுபட்டது. கோப்பை தட்டில் உட்கார்ந்தது. கூடத்திலிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கதவருகே வந்து நின்றார்கள்.

பிறகு டீச்சரின் குரல். நல்ல தமிழ். அவருக்கு வராத தமிழ்.

"ஸ்டவ் ஒழுகுச்சு. எனக்குத் தெரியும். நாந்தான் பத்த வைக்கச் சொன்னேன். போலீசுல பொய் சொன்னேன்."

பிறகு அந்த மரியாதையான குரல்.

"இன்னொரு தடவ."

டீச்சர் சொன்னார்.

"இன்னொரு தடவ."

சொன்னார். குரல் கம்மியது. "இன்னொரு தடவ." கரகரத்தது. "இன்னொரு தடவ, டீச்சர்." காற்றாகிப்போனது. கதவை உடைப்பதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத புடவை. உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கு கரிந்திருந்தது.

பழி நீங்கியது. மாப்பிள்ளை வீட்டார் தாங்களாகவே திரும்பி வந்தார்கள். தை மாதம் கல்யாணம். விஜயாவும் போயிருந்தார்.

ஆனால் அன்று சமையலறையைச் சுத்தம் செய்ததும் விஜயாதான். மேசையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள். டீச்சருடையது நிறைய, தொடாமல். எதிரில் இருந்தது காலி. அதன் விளிம்பில் ஓர் உதட்டுத் தடம்... கரியில்.

விஜயா அதைக் கழுவினார். சாம்பல் போட்டுத் தேய்த்தார்.

போகவில்லை.