முதல் குட்டிக்குப் போன நஞ்சு

சுவிஸின் பேர்ண் நகரில் ரயில் ஏறிய இளம்பெண், எனக்கு முன்னால் இருந்த தன் அக்காவின் பக்கத்தில் மூச்சிரைக்க அமர்ந்தாள்.

“அக்கா, முதல் குட்டிக்குத்தான் நஞ்சு கூட!”

“என்னடி சொல்லுறாய்?”

“குளிர்க்கடல் திமிங்கிலத்துக்குக் கொழுப்புக் கூட. தொழிற்சாலை நஞ்சு அதிலை சேர்ந்து போகாமல் கிடக்கும். பால் குடுக்கேக்கை முதல் குட்டிக்குத்தான் கூட இறங்கும். நான் அளந்தது பிழையெண்டு பேராசிரியர் மாதிரியளை வேற லாபுக்கு அனுப்பினவரெல்லோ?”

“ஓம், பிறகு?”

“அங்கையும் அதே அளவுதான்! இண்டைக்கு என்ர பிஎச்டி தேர்வு முடிய, எல்லாருக்கும் முன்னாலை எழும்பிக் கை குடுத்து, ‘ஃப்ராவ் டொக்டர்’ எண்டு மரியாதையாக் கூப்பிட்டவர்.”

அப்போது டிக்கெட் பரிசோதகர் வந்தார். அக்கா டிக்கெட்டை எடுத்து நீட்டவில்லை. தங்கையின் கையை உயர்த்திப் பிடித்து, பெட்டி முழுக்கக் கேட்க ஜெர்மனில் சொன்னாள்:

“இவ என்ர தங்கச்சி. இண்டையிலையிருந்து டொக்டர்!”

பரிசோதகர்தான் முதலில் கைதட்டினார்.