காருக்குத் தெரியாத கும்பிடு

வீரபாண்டியில் வேலை கேட்ட பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கவில்லை. வேறிடம் பார்க்கலாம் என்று திருப்பூர் பஸ்ஸில் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் கார் டிரைவர் உடுப்பில் ஒருவர், பக்கத்தில் தொப்பி போட்ட துணி வியாபாரி. இருவரும் பழகியவர்கள்.

“சாமி கும்பிட்டதுக்கு என் வேலை போச்சுங்க பாய்” என்றார் டிரைவர்.

“முதலாளி சொன்னாருங்களா?”

“காரு சொல்லுச்சுங்க. புதுக் கரண்ட் காரு. ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல ஒரு கேமரா என் கண்ணையே பாத்துட்டிருக்குது. கண்ண மூடுனா, தூங்கறான்னு முதலாளி போனுக்குச் சொல்லிருது. நாளையில இருந்து வர வேண்டாம்னுட்டாருங்க.”

“தூங்குனீங்களா?”

“இல்லீங்க. மாரியம்மன் கோயில் திருப்பத்துல வண்டிய மெதுவாக்கி, கண்ண மூடி ஒரு கும்பிடு. பதினோரு வருசப் பழக்கம். பழைய காரு ஒண்ணும் சொன்னதில்லை.”

“இத்தனை தெரிஞ்ச காருக்குக் கோயில் தெரியாதுங்களா?”

“மேப்புல கோயில் பேரையே காட்டுதுங்க. நான் எதுக்குக் கண்ண மூடறேன்னுதான் அதுக்குத் தெரியல.”

“முதலாளி பின்னாடிதான உக்காந்திருப்பாரு? பாத்திருப்பாரே.”

“அந்த எடத்துல அவரும் கண்ண மூடித்தான் கும்பிடுவாருங்க. பின் சீட்டுக்குக் கேமரா இல்ல.”



“அப்ப ஒரு நாளைக்கு அவரையே அந்தத் திருப்பத்துல ஓட்டச் சொல்லுங்க. அவர என்ன சொல்லுதுன்னு பாத்துரலாம்.”

டிரைவர் சிரிக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ரோட்டைக் கடந்து, வந்த பக்கமே திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக நின்றார்.